தாளைத் திருப்பும் நியாசிர்வா

வாத்தியாரைச் சுவர் பக்கம் திருப்பி உட்காரவைத்துவிட்டுத்தான் நியாசிர்வா தன் நாற்காலியில் உட்காருவாள். "புருவத்தாலேயே பதில் சொல்லிக் குடுக்கிற ஆளுங்க நீங்க" என்பாள். மலாவி தேசத்தில் அவளை ஏமாற்றிய பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. சரி, தேசம் என்றது கொஞ்சம் அதிகம். ம்சிம்பாவின் வடக்கு ஓரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் வாசிக்கிறது என்று ஆய்வுக்காரர்களுக்குக் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. கதைத்தாள்களைப் பையில் வைக்கமாட்டாள். துணியில் சுருட்டி இடுப்போடு கட்டிக்கொள்வாள். ஒரு பள்ளியில் வாசித்த கதை அடுத்த பள்ளிக்குத் தனக்கு முன்பே சைக்கிளில் போய்விடும் என்பது அவள் கட்சி. யாராவது குடிக்கத் தோப்வா என்கிற மக்காச்சோளக் கஞ்சியை நீட்டினால், "முதல்ல பிள்ளைங்க வாசிக்கட்டும். அப்புறம் எனக்குத் தாகம் எடுக்குதான்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சொந்தப் பையிலிருந்து அவித்த சர்க்கரைவள்ளியை எடுத்துக் கடிப்பாள்.

அன்று கோண்ட்வே வாத்தியாரின் வகுப்பு. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் சிச்சேவா மொழியில் எழுத்தறிவிக்க, இவர் மட்டும் பிள்ளைகள் வீட்டில் பேசும் டும்பூகாவில் கற்றுத்தர அனுமதி வாங்கியிருந்தார். பிள்ளைகள் வாசித்துக் காட்டினால் அடுத்த ஆண்டும் அது தொடரும். இல்லையென்றால் பழையபடி சிச்சேவாதான். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரின் முதுகு வேர்த்திருந்தது.

டோவேரா என்ற சிறுமி வந்து எதிரே உட்கார்ந்தாள். வானத்தில் பருந்தைப் பார்க்கும் கோழிபோல் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாக முக்கி முனகி வாசித்தாள். நியாசிர்வாவுக்கு மூக்கில் வியர்த்தது. எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தாள்: பாதிக் கதையில் தாளைத் தலைகீழாகத் திருப்பிவைத்தாள். வாசிக்கிற பிள்ளை நின்றுவிடும். மனப்பாடப் பிள்ளை ஓடிக்கொண்டே இருக்கும்.

டோவேரா நிற்கவில்லை. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, முன்பைவிட வேகமாக ஓடினாள்.

நியாசிர்வா கடிகாரத்தை நிறுத்தினாள். "ஒப்பிக்கிறா, சார்."

"தாளை நீங்க இப்பத்தானே இடுப்பிலேருந்து எடுத்தீங்க?" என்றார் கோண்ட்வே, சுவரிடம்.

"எந்த இடுப்பை எவன் பார்த்தானோ."

"அடக் கடவுளே, நியாசிர்வா. நான் உங்க இடுப்பையா பார்த்துக்கிட்டு இருக்கேன்?"

"நீங்க சுவரைப் பாருங்க."

வாசலில் முறைக்குக் காத்திருந்த வேஸி என்ற சிறுமிக்குப் பொறுக்கவில்லை. "அவ அந்தப் பக்கத்துக்காரி" என்றாள்.

"எந்தப் பக்கம்டி?"

"இருக்கிறது ஒரே புஸ்தகம். நடுவுல வைப்போம், சுத்தி உக்காருவோம். நான் சார் பக்கம். அவ எப்பவும் எதிர்ப்பக்கம். எனக்கு நேரா இருக்கும், அவளுக்குக் கவுந்து இருக்கும்."

"பள்ளிக்கூடமே சேர்ந்து கதை கட்டுறீங்களா?" என்றாள் நியாசிர்வா. ஆனாலும் இடுப்புத் துணியை அவிழ்த்து, அடியிலிருந்து யாரும் தொடாத தாள் ஒன்றை உருவினாள். டோவேராவுக்குத் தலைகீழாக அதைத் தரையில் விரித்தாள். சிறுமி ஒரு தடங்கலும் இல்லாமல், ஆமைக்கும் குளத்துக்கும் நடந்த வழக்கைக் கடைசிவரை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

கோண்ட்வே அனுமதி கேட்காமல் திரும்பிப் பார்த்தார். நியாசிர்வா அவரை அதட்டவில்லை. எழுந்து, அந்தத் தாளையும் நம்பாதவள்போல் சுற்றி வந்து, டோவேராவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைச் சுருக்கி, தாளின் மேல்மூலையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

டோவேரா அந்த விரலைப் பிடித்து, கீழே வலது ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அங்க இல்லம்மா. கதை இங்கதான் ஆரம்பிக்குது."