பூஜைக்குப் போன காந்தம்

பாத்திரக் கடைக்குள் நுழைந்ததும் என் மனைவி நாலு அடி தள்ளி நின்றுகொள்வாள். நான் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்து எவர்சில்வர் குண்டாவில் வைத்துப் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரியும். போன வாரமும் வைத்தேன். ஒட்டவில்லை. "நல்ல சரக்கு!" என்று கத்திவிட்டேன். கடைக்காரர் பயந்துபோனார்.

காந்தம் ஒட்டாத உலோகத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு மோகம். எழுபதுகளின் கடைசியில், சேலத்தில் லாரி எஞ்சினுக்கு வால்வு செய்யும் பட்டறையில் வேலை பார்த்தேன். ஸ்டோரும் செக்கிங்கும் என் பொறுப்பு. வால்வு பிறப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் பருமன் கம்பியின் ஒரு நுனியில் கரண்ட்டைப் பாய்ச்சி அழுத்துவார்கள். நுனி செக்கச் சிவந்து, திரண்டு, வெங்காயம் போல் உருளும். அந்தச் சூட்டோடு அச்சில் வைத்து பிரஸ்ஸில் ஒரே அடி! காலும் தலையுமாக ஒரு காளான் வெளியே வந்து விழும். ஒரு நாளைக்கு நூறு தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. எண்ணெயும் சுட்ட இரும்புமாக அந்த வாசனை சட்டையோடு வீட்டுக்கும் வந்துவிடும்.

கம்பியில் இரண்டு ரகம். காற்றை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்கு ஒன்று. அதில் காந்தம் ஒட்டும். புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் வால்வு எந்நேரமும் சூட்டில் வேக வேண்டியது. அதற்குக் குரோமியமும் நிக்கலும் கலந்த உசத்திக் கம்பி; காந்தம் ஒட்டாது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அதனால் உசத்திக்கு நுனியில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைப்போம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பே எனக்குச் சுத்தம் செய்யும் வெறி பிடித்தது. கம்பிகளையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பளபளவென்று ஆயின. சிவப்புப் பெயிண்டும் போயிற்று. ஞாபகத்தை நம்பி மறுபடி அடித்தேன். காந்தத்தையும் துடைத்துப் பொட்டு வைத்து சாமி படத்தின் முன் வைத்துவிட்டேன். பூஜைக்கு வைத்ததைப் பூஜை முடியாமல் தொடலாமா? தொடவில்லை. இதற்கு நடுவில் திருச்செங்கோட்டுச் செல்லமுத்து அண்ணனின், போர்க்கிணறு தோண்டும் ரிக் லாரிக்காக அவசரமாக எட்டு எக்ஸாஸ்ட் வால்வு செய்தோம். ஆறைக் கொடுத்துவிட்டு இரண்டை மிச்சம் வைத்தோம்.

விஜயதசமி காலையில் காந்தத்தை எடுத்தேன். விளையாட்டாக, மிச்சமிருந்த ஒரு வால்வின் தலையில் வைத்தேன். டக்! ஒட்டிக்கொண்டது.

ஞாபகம் ஏமாற்றிவிட்டது; இன்லெட் கம்பிக்கும் சிவப்பு அடித்திருக்கிறேன். செல்லமுத்து அண்ணன் புன்செய்க் காட்டை விற்று வாங்கிய ரிக் அது. அன்றைக்குத்தான் ராஜஸ்தானுக்குக் கிளம்புகிறது. தப்பான கம்பியில் செய்த எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் விளிம்பு கருகும். தலை முறிந்து உள்ளே விழுந்தால் எஞ்சினே போச்சு. வேலை போகும் என்று தெரிந்தே முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். காந்தத்தையும், அது ஒட்டாத இன்னொரு மிச்ச வால்வையும் எடுத்துக்கொண்டு, அவருடைய மோட்டார் சைக்கிளில் பறந்தேன். எனக்கு மூன்றாவது கியருக்கு மேல் போடத் தெரியாது. சங்ககிரி தாண்டியும் வண்டி அலறிக்கொண்டே வந்தது, நானும்தான்.

ரிக் மாலை போட்டு நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்.

"அண்ணா, எஞ்சினத் தொறக்கோணுமுங்க. வால்வு மாறிப்போச்சு. தப்பு எம்மேலதானுங்க."

"பழம் வெச்சாச்சு, இனித் தொறக்கறதாவது! நல்ல நேரம் போயிரும் சாமி" என்றார் செல்லமுத்து அண்ணன்.

கற்பூரத் தட்டோடு நின்ற அவர் மனைவி ராசம்மா குறுக்கிட்டார். "நல்ல நேரம் நாளைக்கும் வருமுங்க. அத்துவானத்துல வண்டி நின்னுபோச்சுன்னா ஆரு வந்து தொறப்பாங்க? கழட்டச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவரே குனிந்து பழத்தை எடுத்துவிட்டார்.

மெக்கானிக் என்னைத் திட்டிக்கொண்டே கழற்றினார். ஒவ்வொரு வால்வாக அவர் நீட்ட, நான் காந்தத்தை வைத்தேன். முதலாவது ஒட்டவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்று, நான்கு, ஐந்து எதுவுமே ஒட்டவில்லை. வழியனுப்ப வந்த கூட்டம் என்னை முறைத்தது. எனக்குக் காதோரம் வேர்த்து வழிந்தது. ஆறாவது... டக்!

"ஒட்டிருச்சு! ஒட்டிருச்சு!" என்று குதித்தேன். தப்புச் செய்தவனே இப்படிக் குதித்ததை அந்த ஊர் அதற்கு முன் பார்த்திருக்காது. கையோடு கொண்டுபோன வால்வைத் தேய்த்துப் பொருத்தினார்கள். ராசம்மா அதே பழத்தை மறுபடி வைத்தார். சாயங்காலம், யாரும் நேரம் பார்க்காமல், ரிக் அதன்மேல் ஏறிப் போனது. எட்டு மாதம் வடக்கே ஓடிவிட்டு, அதே வால்வுகளோடு ஊர் திரும்பியது. செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிக்கும் அவர் கையாலேயே பொட்டு வைத்தார். என்னிடம் மட்டும், "காந்தம் உங்க பையிலயே இருக்கட்டுமுங்க" என்றார்.

இன்னும் இருக்கிறது. பட்டறை இருந்த இடத்தில் கார் ஷோரூம் வந்துவிட்டது. செல்லமுத்து அண்ணன் போய்விட்டார். வால்வு எங்கிருந்தோ அட்டைப் பெட்டியில் வருகிறது. எந்தக் கம்பி என்று அங்கேயே மெஷின் சொல்லிவிடுகிறதாம். என்னிடம் வால்வைக் கொண்டுவந்து காட்ட யாருக்கும் தேவையில்லை. அதனால்தான் குண்டாவில் வைத்துப் பார்க்கிறேன்.