நான் மொழிபெயர்க்காமல் விட்ட வரி

மேசைமேல் மூன்று தாள்கள் கிடந்தன. இணையப் பக்கம் ஒன்றை அப்படியே அச்செடுத்திருந்தார்கள். ஓரங்களில் விளம்பரத் துண்டுகள், நடுவில் தமிழ். மூன்று இடங்களில் யாரோ மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டிருந்தார்கள். எங்கள் ஜெனரல் மேனேஜர் அந்தத் தாள்களை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். "நாலு மணிக்குள்ள இத இங்கிலீஷ்ல போட்டுக் குடு. ஒரு வார்த்தை விடக்கூடாது. எழுதுனது நம்ம ஆளா, வெளி ஆளான்னு எனக்குத் தெரியணும்" என்றார். அவர் எங்கோ மலைமேல் ஹாஸ்டல் பள்ளியில் வளர்ந்தவர். தமிழ் சரளமாகப் பேசுவார், வாசிக்க வராது.

முதல் வரியிலேயே எழுதியவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவன் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது அந்தத் தோல் தொழிற்சாலை. நான் அலுவலகத்தில் ஏற்றுமதிக் கடிதங்கள் தட்டுபவன். எழுதியவர் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்த பெண்மணி. எல்லாருக்கும் அவர் லேப் மேடம். வேலூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார், கழிவுநீரைச் சின்னக் குப்பிகளில் பிடித்துச் சோதிப்பார், நோட்டில் குறிப்பார், ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். யாரோடும் அதிகம் பேசமாட்டார். அப்படிப்பட்டவருக்கு ஒரு வலைப்பூ இருப்பதும், பேர் போடாமல் மூன்று வருடமாக அதில் எழுதிவருவதும் எனக்குத் தற்செயலாகத்தான் தெரியவந்தது. ஒரு கடிதத்துக்காக எதையோ தேடப்போய், எங்கள் தொழிற்சாலை நாயைப் பற்றிய ஒரு பதிவில் போய் நின்றேன்; கழிவுநீர்க் குப்பிகளும் ஐந்தரை பஸ்ஸும் அதில் வந்ததால் எழுதியவர் யாரென்று புரிந்தது. குரோம் உப்பில் பதனிட்ட ஈரத்தோல் நீலமாக இருக்கும். அந்தத் தண்ணீரில் நடந்து நடந்து அந்த நாய்க்கு நாலு காலும் நீலம் பாய்ந்திருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் உள்ளே போவேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

அன்றிலிருந்து விடாமல் வாசித்தேன். பெரிய சங்கதி ஒன்றும் இருக்காது. வீட்டுக்குப் போய் மூன்று தரம் புளி போட்டுக் கை கழுவியும், ஊட்டப்போன சோற்றிலிருந்து மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டது ஒரு பதிவு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்தியபோது, தானும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, நாற்றம் வெளியிலிருந்து வருவதுபோல் நடித்தது இன்னொன்று. இதையெல்லாம் போய் ஒருத்தர் எழுதுவாரா என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. ஆனால் அடுத்த பதிவு எப்போது வரும் என்று தினமும் திறந்து பார்த்தேன்.

எனக்கும் அப்போது ஒரு வலைப்பூ இருந்தது. விடியல், மழை, தாய்மை, மனிதநேயம். வாசித்தவர்கள் என் உறவுக்காரர்கள் இரண்டு பேர். ஒருநாள் லேப் மேடத்திடம் அவர் எழுதுவதைப் படிப்பதாகச் சொன்னேன். வெளுத்துப்போனார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு என்னுடையதையும் காட்டினேன். இரண்டு நாள் கழித்து கேன்டீனில் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"நல்லா எழுதறீங்க சார். ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"மழையப் பத்தி அவ்ளோ எழுதியிருக்கீங்களே, நீங்க நனைஞ்சீங்களா?"

ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு தணிக்கை வந்தது. எங்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பிச் சோதிப்பார்கள். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தோம், மாஸ்க் கொடுத்தோம் என்று அவரவர் கையெழுத்தோடு பதிவேடு இருக்கவேண்டும். பயிற்சியும் நடக்கவில்லை, மாஸ்க்கும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னையும் லேப் மேடத்தையும் மட்டும் வரச்சொன்னார் மேனேஜர். எதிரெதிரே உட்கார்ந்து நாற்பது பேருக்கும் நாங்களே கையெழுத்துப் போட்டோம். ஆளுக்கு இருபது. பேனாவை மாற்றினோம், சிலவற்றை இடதுகையால் போட்டோம். பிரியாணிப் பொட்டலம் வந்தது, சாப்பிட்டோம். தொட்டி வேலை செய்யும் அண்ணன் ஒருவரின் பேரை, எழுத்துக்கூட்டி எழுதுகிறவர் போடுவதுபோலவே நடுங்க நடுங்கப் போட்டு, "அசல் மாதிரியே இருக்குல்ல மேடம்?" என்று காட்டினேன். அவர் நிமிராமல் அடுத்த வரிக்குப் போனார்.

தணிக்கை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது வாரம் திங்கட்கிழமை காலை, அதே அண்ணன் அடைப்பு எடுக்கத் தொட்டிக்குள் இறங்கி மயங்கி விழுந்தார். கூச்சல் கேட்டு நான் மாடியிலிருந்து இறங்கி ஓடுவதற்குள் அவரை வண்டியில் ஏற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தொட்டியின் ஓரத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. மேனேஜர் முதலில் கேட்டது அந்தப் பதிவேட்டைத்தான். எடுத்துக்கொடுத்தவன் நான்.

அந்த வாரமே லேப் மேடம் எழுதிய பதிவுதான் மேசைமேல் கிடந்தது. இன்றும் எனக்கு அது மனப்பாடம். "தொட்டிக்குள் கிளம்பும் வாயு கொஞ்சமாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டைபோல நாறும். அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றால் ஓடவேண்டும். இது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவருக்கும் தெரியும் என்று பதிவேடு சொல்கிறது. ஒருமுறை சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். மறுபடி நான் சொல்லவில்லை. அந்த நாற்பது கையெழுத்தில் இருபது நான் போட்டது; மீதி இருபதைப் பற்றி அவற்றைப் போட்டவர்தான் எழுதவேண்டும்."

கடைசி வரியின்மேல் மஞ்சள் கோடு இருந்தது.

என் மேசைக்கு வந்து கதவைப் பார்த்தபடி தட்டத் தொடங்கினேன். அந்த வரியை ஆங்கிலத்தில் போட்டால், இதை எழுதியவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரில் ஒருவர் என்று மேனேஜருக்குத் தெரிந்துவிடும். நான் இல்லையென்றால் அவர். மற்றதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதினேன். அந்த வரியை மட்டும் விட்டேன். அவரைக் காப்பாற்றத்தான் விட்டேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மேனேஜர் நிதானமாகப் படித்தார். பிறகு தமிழ்த் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மஞ்சள் கோடுகளை எண்ணினார்.

"கோடு மூணு எடத்துல இருக்கு. இது எங்க?" கடைசி வரியின்மேல் பேனாவை வைத்திருந்தார்.

"அது பழமொழி மாதிரி சார். அர்த்தம் மேலயே வந்துடுச்சு."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். டெலிபோன் அடித்தது. கையை அசைத்து என்னைப் போகச்சொன்னார்.

ஐந்தரை மணிக்கு பஸ் நிறுத்தத்தில் லேப் மேடத்திடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த வரிய எடுத்துட்டீங்களா?"

"அதுலதான் மேடம் நீங்க மாட்டிக்குவீங்க."

"அது இல்லன்னா மீதி எல்லாம் வெறும் வம்பு, சார். அடுத்தவன் மேல பழி போட்டுட்டுப் போறதுக்கா நான் ராவும் பகலும் உக்காந்து எழுதனேன்?" பஸ் வந்தது. ஏறியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வலைப்பூவின் உச்சியில் அவருடைய முழுப்பேரும் வேலையும் இருந்தன. மதியத்துக்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். டிபன் பையோடு அவர் கேட்டைத் தாண்டிப் போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நாப்பதும் அந்தம்மாதான் போட்டிருக்கு. ஆபீஸுக்கு ஒண்ணும் தெரியாது. விசாரணைக்கு ஆபீசர் வராரு. அந்த மாதிரி ஒரு லெட்டர் அடி." கையெழுத்துப் போட்டதில் நானும் இருப்பது அவருக்குத் தெரியாததா என்ன? அவர்தானே எங்கள் இருவரையும் உட்காரவைத்தவர். என்னைக் காப்பாற்றுகிறார், அதற்கு இதுதான் பதில் மரியாதை என்று புரிந்தது. அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்தேன். பிழை இல்லாமல் அடித்தேன்.

அன்று மாலை வேலூருக்குப் போனேன். தொட்டி அண்ணன் பிழைத்துவிட்டார், ஆனால் மூச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. பேச முடியவில்லை. அவர் மனைவி என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். ஆபீஸ் ஆள் என்பதால் மரியாதையாகத்தான் பேசினார்.

"மாஸ்க்கு குடுத்ததுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காராமே சார்? இன்னா மாஸ்க்கு? வூட்ல ஒண்ணும் இல்லியே. பரண் மேலகூட ஏறித் தேடிப் பாத்துட்டேன். தொலச்சிட்டாரோன்னு அவரக் கேட்டா, தலய தலய ஆட்றாரு."

கொடுக்காத மாஸ்க்கை அந்தப் பெண் வீடு முழுக்கத் தேடியிருந்தார். என் கையெழுத்தை நம்பி, சொந்தப் புருஷனைச் சந்தேகப்பட்டிருந்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

விசாரணைக்கு அரசு அதிகாரி வந்தார். மேனேஜர் அறையில்தான் நடந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு, "இத டைப் பண்ணது யாரு?" என்றார். "நான்தான் சார்" என்று எழுந்தேன். அவர் கேட்டது அவ்வளவுதான்; அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். "நாப்பதும் அவங்க போடல சார். இருபது நான் போட்டது. தொட்டியில விழுந்த அண்ணன் பேரையும் நான்தான் போட்டேன். எங்களப் போடச் சொன்னாங்க. மாஸ்க்கு யாருக்குமே குடுக்கல." என் குரல் எனக்கே யாருடையதோபோல் கேட்டது. மேசையைத் தட்டிக்கொண்டிருந்த மேனேஜரின் பேனா நின்றது. அதிகாரி என்னை உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

அன்று சாயங்காலமே எனக்கும் வேலை போயிற்று. விசாரணை நெடுநாள் இழுத்தது. அண்ணனுக்குச் சேரவேண்டிய நஷ்டஈடு கடைசியில் சேர்ந்தது. பழைய மூச்சு திரும்பவில்லை. நான் இப்போது வேலூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். லேப் மேடம் ஆற்காட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். வலைப்பூ காலமே முடிந்துவிட்டது என்கிறார்கள். எல்லாரும் கைபேசியில் வீடியோ பார்க்கிறார்கள். அவர் மட்டும் இன்னும் எழுதுகிறார். பரீட்சைத்தாள் திருத்தும்போது ஒரு மாணவியின் விடையைச் சரியாகப் படிக்காமல் மார்க் குறைத்தது, அதை அவளிடம் சொல்லத் தயங்கி நாலு நாள் ஓட்டியது என்று போன வாரம்கூட ஒரு பதிவு. ஒருத்தர் தன் வாழ்க்கையை எழுதினால் முன்பின் தெரியாதவன் எதற்காக அதைப் படிக்கவேண்டும் என்று யாராவது கேட்டால், எனக்கு நடையழகோ கருத்தோ நினைவுக்கு வருவதில்லை. எழுதுகிறவருக்கு ஏதாவது நஷ்டம் வரக்கூடிய ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் மூடிவிடுகிறேன்.

என் இருபதைப் பற்றி எழுத எனக்குப் பல வருடம் பிடித்தது. அதிகாரியிடம் சொன்னது வேறு; எழுதுவது வேறு. எழுத உட்கார்ந்தால் மழையும் விடியலும்தான் வந்தன. சென்ற மாதம் ஒருவழியாக முடித்தேன். வெளியிடுவதற்கு முன் அந்த அண்ணனிடம் படித்துக்காட்டவேண்டும் என்று தோன்றியது. மாதனூர்ப் பக்கம் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். படித்துக்கொண்டே அவர் பரணில் தேடிய இடத்துக்கு நான் வந்தபோது அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். முழுவதையும் படித்து முடித்து, திட்டுவாரோ, மன்னிப்பாரோ என்று காத்திருந்தேன். அவர் நெடுநேரம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் உங்களப் பத்தியே இருக்கே சார்" என்றார். குரலில் கோபம் இல்லை. "என்னத் தூக்குனவர எழுதலியே நீங்க."

"யாருண்ணே தூக்குனாங்க?"

"வாட்ச்மேன். அறுவது வயசு இருக்கும். வேட்டிய அவுத்து மூக்குல கட்டிக்கினு எறங்குனாராம். எல்லாரும் மேல நின்னு கத்தறாங்க, அவரு மட்டும் எறங்கறாரு. அப்புறம் அவரும் ரெண்டு நாள் வாந்தி எடுத்துக்கினு கெடந்தாராம். யாரு கேட்டாங்க?"

பத்து வருடம் அந்த மனிதர் திறந்துவிட்ட கேட் வழியாக நான் உள்ளே போயிருக்கிறேன். "அவர் பேர் என்னண்ணே?" என்றேன்.

அண்ணன் யோசித்தார். உள்ளே திரும்பி மனைவியைக் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை.

"வாட்ச்மேன்னுதான் கூப்புடுவோம்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "பள்ளிகொண்டாக்குக் கிட்ட ஏதோ ஊரு. இருக்காரோ இல்லியோ."

தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். நெடுஞ்சாலைக்கு வந்து, வேலூர் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். பள்ளிகொண்டா ஒன்று என்றேன்.