கண்ணில் படாத வெளிச்சம்

செனாவாங்கில் வேலை முடிந்து நானும் என் கணவரும் கோலா சாவாவிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் மோட்டார் சைக்கிள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். செம்பனைக் காட்டை ஒட்டிய வளைவில் எதிரே லாரி வந்தது. அவர் ஒதுங்கவே இல்லை. நான் கத்திய பிறகுதான் வண்டியை வெட்டித் திருப்பினார்.

ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்களைக் கசக்கினார்.

"நேரா பார்த்தா நடுவுல கறுப்பா ஒரு புள்ளி நிக்குது. மொதல்ல வலது கண்ணுலதான். இப்ப ரெண்டுலயும்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"வலிக்கல லா. தானா போயிரும்னு நெனச்சேன்."

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலையில்தான் இருந்தோம். இரும்புத் துண்டுகளில் லேசரால் எண் பொறிக்கும் வேலை. சீக்கிரம் முடியட்டும் என்று இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்கள். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பொறி மட்டும்தான் தெரியும். அதனால் யாருக்கும் பயமில்லை.

சிரம்பானில் கண் டாக்டரம்மா விழித்திரையைப் படம் எடுத்துக் காட்டினார். நடுவில் வெந்துபோன தழும்பு.

நான் கைப்பேசியில் படித்ததைக் கேட்டேன். "நரம்ப வளர்க்கற புரதம் ஏதோ இருக்காமே டாக்டர், அதைக் கண்ணுல போட்டா காப்பாத்தலாமாமே?"

"எலிக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. வெளிச்சம் படறதுக்கு முன்னாடியே போட்டா விழித்திரை செல்லு சாகறது குறையுது. செத்துப்போனதை அது எழுப்பாதும்மா. மனுசனுக்கு இன்னும் அப்படி மருந்து வரல."

என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"நீங்க எங்க வேலை செய்றீங்க?"

"இவருக்குப் பக்கத்து மெஷின்ல."

கட்டம் போட்ட ஒரு அட்டையை என் முன் நீட்டினார். இடது கண்ணை மூடிக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். எல்லாக் கோடுகளும் நேராக இருந்தன. ஒன்று மட்டும், புள்ளிக்குப் பக்கத்தில், தண்ணீரில் நெளிவது போல் வளைந்திருந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார்.

என் கணவர் என் கையைப் பிடித்தார். சொன்னேன்.

டாக்டரம்மா தொழிற்சாலைக்குக் கடிதம் எழுதினார். இயந்திரங்களுக்கு மூடி திரும்ப வந்தது. எங்களைப் பெட்டி அடுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அவருடைய புள்ளி போகவில்லை. வண்டியை விற்றுவிட்டோம், பஸ்ஸில் போகிறோம். என் கோடு இப்போதைக்கு மேலும் வளையாமல் நிற்கிறது. மாதம் ஒருமுறை போய் அந்த அட்டையைப் பார்க்கிறேன். ஒரு கண்ணை மூடியதும் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுகிறேன்.