வாடையில்லாத தண்ணீர்

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரி போகும் பேருந்தில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், திருநீறு மட்டும் இட்ட நெற்றி. விக்கல் நிற்காமல் தவித்தவரிடம் என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கியவர் முதலில் மோந்து பார்த்தார். பிறகுதான் குடித்தார்.

"தப்பா நெனைச்சிக்காதீங்க, பழக்கமாப் போச்சு" என்றார்.

அவர் நிலத்தை ஒட்டிக் கோழிப்பண்ணை இருக்கிறதாம்.

"மொதல்ல ஒரு கொட்டாய்தாங்க இருந்துச்சு. இப்ப எல்லார் வூட்லயும் தெனமும் கறி வேணுங்குது, வரிசையா கொட்டாய் போட்டுட்டாங்க. கழிவெல்லாம் எறங்கி எங்க கெணறு நாறிப்போச்சு. யாரைக் குத்தஞ் சொல்றது? நாங்களுந்தான் வாங்கித் திங்கறம்."

பாட்டில் மூடியைத் திருகியபடி அவரே தொடர்ந்தார்.

"எங்க வூட்டுக்காரரு வெட்டுன கெணறுங்க அது. சாகற அன்னிக்கு அந்தத் தண்ணிதான் வேணும்னாரு. எப்படிக் குடுக்கறது? கேன் தண்ணிய சொம்புல ஊத்தி, நம்ம கெணத்துத் தண்ணிதான்னு சொன்னன். மோந்து பார்த்தாரு. 'வாடையே இல்ல, இது நம்முளுது இல்ல'ன்னுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. குடிக்காமயே போயிட்டாருங்க."

பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்கு வாங்கிய கோழிக்கறி என் காலடிப் பையில் இருந்தது. தாகமாக இருக்கவே பாட்டிலைத் திறந்து, என்னை அறியாமல் மோந்து பார்த்தேன். எந்த வாடையும் இல்லை. ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை.