நான் அழித்த கமெண்ட்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், மருந்துக்கான நிலாவாரை இலையை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் ஆபீஸ் வேலை பார்த்தேன். போட்டோ எடுக்கத் தெரியும் என்பதால் ஃபேஸ்புக் பக்கத்தையும் என் தலையில் கட்டினார்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் படம் போட்டு, ‘நாங்கள் ஒரே குடும்பம்’ என்று எழுதுவேன். எழுதும்போது அதை நம்பவும் செய்தேன்.

குடோனில் இலை பொறுக்கும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஆபீஸ் கழிப்பறையின் சாவி மேனேஜர் மேசையில் இருக்கும். அந்தப் பெண்கள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தார்கள். அது எனக்குத் தெரியும்.

மகளிர் தினத்தன்று ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து, அவர்களை நிற்கவைத்துப் படம் போட்டேன். ஆலந்தலையிலிருந்து வேனில் வேலைக்கு வரும் அக்கா ஒருவர் கீழே எழுதினார்: “பூ நல்லாருக்கு. கக்கூஸ் சாவி எப்பத் தருவீங்க?”

மேனேஜர் கூப்பிட்டார். “அத அழிச்சிரும்மா.”

அழித்தேன். அதற்குள் யாரோ அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். இலை வாங்கும் வெளிநாட்டுக்காரர்களும் விசாரித்தார்கள். சீக்கிரமே குடோனுக்குப் பின்னால் மூன்று கழிப்பறைகள் வந்தன. ரிப்பன் வெட்டியபோது அக்கா கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். அந்தப் படத்தையும் போட்டேன்.

அடுத்த வாரம் வேன் அக்காவை ஏற்றவில்லை. “ஆளு கூடிப்போச்சு” என்றார் ஆள் கூட்டிவரும் மேஸ்திரி. நின்றுபோனது அவர் ஒருவர்தான். கேட்பதற்காக மேனேஜர் அறை வாசல்வரை போனேன். உள்ளே அவர் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு கமெண்ட் பகுதியை மூடச் சொன்னார்கள். குடோன் வாசலில், உள்ளே போகிறவர்கள் போனைப் போட்டுவிட்டுப் போக ஒரு பெட்டி வைத்தார்கள். ஆண்டு விழாவில் மேனேஜர், “சோஷியல் மீடியா நம்ம கம்பெனியையே மாத்திட்டுது” என்று பெருமையாகப் பேசினார். நானும் கைதட்டினேன்.

ஒரு வருடம் கழித்துத் திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். கருவாடு காயப்போடும் வேலையாம். கையெல்லாம் உப்பில் வெடித்திருந்தது.

“ஏளா, நம்ம பிள்ளைக இப்ப தண்ணி குடிக்காளுவளா?”

“குடிக்காங்கக்கா.”

“என்னய யாராச்சும் கேட்டாளுவளா?”

“கேட்டாங்கக்கா” என்றேன். யாரும் கேட்டதில்லை.

அவர் என் முகத்தையே பார்த்தார். “அன்னைக்கு நான் எழுதுனத அழிச்சது நீதானளா?”

“ஆமாக்கா.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். ஆலந்தலை பஸ் வந்தது. “சரி, வாரேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பும்வரை நான் நின்றேன். அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.