வெளியேறியவர் பட்டியல்

மூன்றாம் மாடியில் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவரை அலுவலகம் முழுக்க டைப்பிஸ்ட் அக்கா என்றுதான் கூப்பிடும். வயது நாற்பத்தாறு. முப்பதில் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்து, இப்போது சாவித்துவாரம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. அதில் எதிரே நிற்பவரின் சட்டைப் பொத்தான் தெரியும். முகத்தைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

வீட்டில் அக்காவின் முன்னேற்பாடுகள் பிரசித்தம். கட்டில்காலில் விசில் தொங்கும். நிலநடுக்கத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்து சிதறினால் வெறுங்காலோடு மாட்டிக்கொள்ளக் கூடாதென்று தலைமாட்டில் மூடி போட்ட டப்பாவில் செருப்பு. மருந்து, தண்ணீர், வேண்டியவர்களின் எண்கள் எல்லாம் ஒரு தோள்பையில். எண்களைக் கொட்டை எழுத்தில் எழுதித் தந்தவர் கணவர்.

"நிலநடுக்கம் வந்தா உங்க அண்ணி மட்டும்தான் செருப்பு போட்டுக்கிட்டு அலுங்காம நடந்து வருவா" என்று அவர் தன் தங்கையிடம் கிண்டலடிப்பார்.

"சிரிங்க, சிரிங்க. அன்னிக்கு யாரு நொண்டறாங்கன்னு பாத்துக்கலாம்" என்பார் அக்கா.

வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்கள். அக்கா விஷயத்தில் அது தலைகீழ். அலுவலகத்தில் ஆண்டுக்கு இரண்டு தடவை தீ ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் எல்லோரும் முன்படிக்கட்டில் அரட்டையடித்தபடி இறங்குவார்கள். பாதுகாப்பு மேற்பார்வையாளர் மட்டும் அக்காவின் மேசைக்கு வருவார்.

"நீங்க உக்காருங்கக்கா. சும்மா ஒத்திகைதானே, எதுக்கு சிரமம்? நான் டிக் போட்டுடறேன்."

நல்ல மனிதர். இப்படி ஆறு வருஷம் நல்ல மனிதராகவே இருந்துவிட்டார். அக்காவும் சரி சரியென்று தலையாட்டிவிட்டார். வெளியேறியவர் பட்டியலின்படி அவர் பன்னிரண்டு முறை வெளியேறியிருக்கிறார், நாற்காலியை விட்டு எழாமலே.

போன மாதம் பக்கத்து அறையில் மின்கம்பி கருகிப் புகை வந்தது. மணி அடித்தது. ஆளாளுக்கு ஓடினார்கள். அக்காவுக்கு வாடை தெரிந்தது, கூச்சல் கேட்டது, கால்தான் எழவில்லை. மணி அடித்தால் உட்காரவேண்டும் என்றே உடம்பு கற்றுக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் புகை அடங்கிவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிஜமாகவே தீப்பிடித்தால் இந்த நாற்காலியிலேயே செத்துப்போவோம் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை.

அடுத்த ஒத்திகை வந்தது. மேற்பார்வையாளர் வழக்கம்போலச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா மடக்குக்கோலை விரித்து எழுந்தார். பத்தடியில் அவசரப் படிக்கட்டு. யாரும் புழங்காத பின்வழி. கைப்பிடியைப் பிடித்தபடி அறுபத்தாறு படிகளையும் எண்ணி இறங்கி, வெளிக்கதவை நெருங்கியபோது கோல் எதிலோ இடித்தது. தடவிப் பார்த்தார். உடைந்த நாற்காலிகள், மார்பளவுக்கு அடுக்கிக் கிடந்தன.

கதவுக்கு அப்பால் முற்றத்தில் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் பெயரும் வந்தது. "வந்தாச்சு" என்றது மேற்பார்வையாளரின் குரல். அத்தோடு ஒத்திகை முடிந்து எல்லோரும் சாப்பிடக் கலைந்தார்கள்.

தனக்கு வந்தது பயமா கோபமா என்று அக்காவுக்கே பிடிபடவில்லை. நாற்காலிகளுக்கு மேலாகக் கோலை நீட்டிக் கதவை ஓங்கி ஓங்கித் தட்டினார்.

திறந்தவர் மேற்பார்வையாளர்தான். "அக்கா! நீங்க எப்படி இங்க? நீங்க வெளிய வந்துட்டதாத்தானே டிக் போட்டேன்..."

"வெளிய வந்த அக்கா அங்கதான் எங்கயாவது நிப்பாங்க. அவங்களைக் கூப்பிட்டு இந்த நாற்காலியெல்லாம் எடுக்கச் சொல்லுங்க."

மேற்பார்வையாளர் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டார். முடித்ததும் மூச்சு வாங்கியது. "தப்புதான்க்கா. வாங்க, சாப்பிடப் போலாம்."

அக்கா திரும்பிப் படியேறத் தொடங்கினார்.

"மேல எங்கக்கா போறீங்க?"

"என் சீட்டுக்கு. நான் போய் உக்காந்ததும் மணியடிங்க."

"எல்லாரும் சாப்பிடப் போயிட்டாங்களேக்கா."

"அவங்கல்லாம் வருஷக்கணக்கா இறங்கியாச்சு. நான் இன்னிக்குத்தான் இறங்கப்போறேன்."