பத்திரமாக வைத்த பிளக்

கல்மண்டபம் மெக்கானிக் மதார் சாகிப்புக்கு வண்டியைவிட வண்டிக்காரர்கள்மேல்தான் கோபம் அதிகம். தேவப்பிரியம் வீட்டுக் கொல்லையில் நின்ற பட்டாளத்து மோட்டார் சைக்கிளின் எஞ்சின் இறுகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்கைக் காணோம். திறந்து கிடந்த அந்த ஓட்டை வழியாக நாலு வருஷக் கடல்காற்று உள்ளே போயிருந்தது.

"எந்தக் கசுமாலம் இத்தக் கழட்டிக்கினு போச்சோ" என்று திட்டிக்கொண்டே ஓட்டைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டார். பிறகு கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட, ஒருவழியாகப் பிஸ்டன் அசைந்தது. ஆனால் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, சிலிண்டரைத் துரு குழிகுழியாகத் தின்றிருந்தது. இனி அது ஓடாது. ஹெட்டைத் திரும்ப மாட்டினார்.

"அசைஞ்சிட்டா பாய்?" என்று கேட்ட தேவப்பிரியம் உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணிப்பொட்டலத்தோடு வந்தாள். உள்ளே பிளக் இருந்தது.

"எங்க வீட்டுக்காரவுக ரங்கூனுக்குக் கப்பலேறின அன்னைக்கே நாந்தான் கழட்டி வச்சேன். அவுக வரமுட்டும் யாரும் ஓட்டிரக் கூடாதுல்லா. வாராவாரம் எண்ணெய் போட்டுத் துடைப்பேன். பாருங்க, துருவே இல்ல."

மதார் சாகிப் அதை வாங்கிப் பார்த்தார்.

"ஆமாம்மா, புத்சாவே கீது" என்று சொல்லிவிட்டு, பிளக்கை ஓட்டையில் வைத்து மெதுவாக முறுக்கினார்.